தம்பிக்கு நான் கொடுத்த ஆஸ்பிரின்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் 'மனச்சிதைவு நோயை விரட்டும் வலி மாத்திரை' என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டு ஒரு செய்தி வந்திருந்தது. நான் மயிலாடுதுறைப் பக்கம் 36 வருடமாக மெடிக்கல் வைத்திருக்கிற மருந்தாளுநர். திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருக்கும்போதே ஓர் அம்மா வந்து நின்றார். உங்கள் பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்து, சில்லறை வைக்கும் சுருக்குப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"சார், இதுல போட்டிருக்கிற மாத்திரை ஒரு மாசத்துக்குக் கொடுங்க. அந்தத் தூக்க மாத்திரை இனிமே வேணாம்."

தூக்க மாத்திரை என்று அவர் சொன்னது மனச்சிதைவுக்குக் கொடுக்கிற ரிஸ்பெரிடோனை. மகனுக்கு 24 வயது. மூன்று வருடமாக அந்த மாத்திரையில்தான் வண்டி ஓடுகிறது. காதில் யாரோ பேசுவது நின்றிருக்கிறது. ஆனால் பிள்ளை பத்து மணி வரை எழுந்திருப்பதில்லை, வயிறு போட்டுவிட்டது, பெண் கொடுக்க வருபவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இதெல்லாம் அந்த மாத்திரையால்தான் என்று அவருக்குக் கோபம். அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு.

உள்ளே ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, ரிஸ்பெரிடோனை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டவர் கடைசியில் ஒன்று கேட்டார்: "அப்போ பேப்பர்ல போட்டது பொய்யா சார்?"

பொய் இல்லை. ஆனால் பாதி. மீதிப் பாதியை எழுதத்தான் இந்தக் கடிதம். இதை எழுத எனக்கு மருந்து படித்தவன் என்பதைவிடப் பெரிய தகுதி ஒன்று உண்டு. அதைத் தகுதி என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

என் தம்பிக்கு 1989-இல், 21 வயதில் இந்த நோய் வந்தது. பாலிடெக்னிக் கடைசி வருடம். அம்மா குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போய் ஒரு மண்டலம், 48 நாள், கூடவே தங்கினார். பிறகு குளோர்புரோமசைன், பதினைந்து நாளுக்கொரு ஊசி, கைநடுக்கத்துக்கு ஒரு மாத்திரை என்று பத்து வருடம் போனது. 2000 வாக்கில் க்ளோசபைனுக்கு மாற்றினார்கள். முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மாதத்துக்கு ஒன்று. குரல்கள் அடங்கின. சண்டை நின்றது. ஆனால் ஆளும் அடங்கிப்போனான். பேசமாட்டான், குளிக்கச் சொன்னால்தான் குளிப்பான், திண்ணையில் உட்கார்ந்தால் வெயில் காலில் ஏறும் வரை அப்படியே இருப்பான். மருந்து குரல்களை அடக்கும். இந்த வறட்சியை அவ்வளவாகத் தொடாது. நோயாளி இருக்கிற வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். அதனால்தான் புதிதாக ஒரு மருந்து என்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

2006-இல் சிக்குன்குனியா வந்தபோது எங்கள் தெருவே படுத்துவிட்டது. தம்பிக்கும் வந்தது. மூட்டெல்லாம் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வாரத்தில் ஒரு நாள் காலை தானே எழுந்து வந்து, "அண்ணே, பேப்பர் வந்துடுச்சா?" என்று கேட்டான். பதினேழு வருடத்தில் முதல் தடவை. அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். காய்ச்சல் இறங்கியதும் பழைய மாதிரி ஆகிவிட்டான். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி காதிலேயே நின்றுவிட்டது. காய்ச்சலாலா, வலி மாத்திரையாலா?

பல வருடம் கழித்து அவனைப் பார்க்கிற மனநல மருத்துவரிடம் இதைச் சொன்னேன். காய்ச்சலும் அழற்சியும் (உடம்பு வீங்கிச் சிவந்து எதிர்த்துப் போராடுகிற நிலை) இருக்கும்போது கல்லீரல் க்ளோசபைனை மெதுவாகத்தான் கழிக்கும், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும், அதனால்கூட அப்படி இருந்திருக்கலாம் என்றார். அளவு ரொம்ப ஏறினால் ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொன்னார். அன்று எனக்கு அது தெரியாது.

2011-இல் மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர், என் வீட்டு நிலவரம் தெரிந்த நல்ல பையன், ஒரு ஜெராக்ஸ் பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். நெதர்லாந்தில் செய்து 2010-இல் வெளியிட்ட பரிசோதனை. மனச்சிதைவு உள்ள 70 பேர். எல்லாரும் வழக்கமான மருந்தைத் தொடர்ந்தார்கள். அதோடு பாதிப் பேருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு அதே போலத் தோற்றமளிக்கும் வெற்று மாத்திரை. மூன்று மாதம் கழித்து ஆஸ்பிரின் பெற்றவர்களின் அறிகுறி மதிப்பெண் கூடுதலாகக் குறைந்திருந்தது.

கடை அலமாரியில் 350 மில்லிகிராம் ஆஸ்பிரின் அட்டை அட்டையாகக் கிடக்கிறது. மூன்று வேளைக்கு மூன்று. கணக்கு சரியாக வந்தது. 'ரத்தம் ஊறுகிற மாத்திரை' என்று தம்பியிடம் சொல்லித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிற நான்தான் இதைச் செய்தேன்.

பத்தாம் நாள் தம்பி தேறிவருவதாக எனக்குப் பட்டது. காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்றான். சட்டையைத் தானே மாற்றினான். ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்துவைத்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. பின்னால் மனைவியிடம் காட்டியபோது, "இதெல்லாம் அவர் எப்பவும் செய்யறதுதானே, நீங்கதான் பார்த்ததில்லை" என்றாள். காலை ஏழு மணிக்குக் கடைக்குப் போய் இரவு பத்துக்கு வருகிறவன் நான். மாத்திரை கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் அவனை உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். யாருக்கு எது கொடுத்தோம் என்று டாக்டருக்கும் தெரியக் கூடாது, நோயாளிக்கும் தெரியக் கூடாது என்று பரிசோதனைகளில் ஏன் இத்தனை கட்டுப்பாடு வைக்கிறார்கள் என்பது டிப்ளமோவில் படித்தபோது எனக்குப் புரியவில்லை. அந்த நோட்டைப் பார்த்தபோது புரிந்தது.

ஆறாவது வாரம் தம்பிக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்பதை நாலு நாளாக அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஹீமோகுளோபின் 6.8. வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்தால் புண், ரத்தக் கசிவு. "வலி மாத்திரை ஏதாவது எடுத்தாரா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் போய் உண்மையைச் சொன்னேன். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள்.

ரெப் கொடுத்தது முதல் பக்கம் மட்டும். அந்த நெதர்லாந்துப் பரிசோதனையில் எல்லாருக்கும் வயிற்றைக் காக்கப் பேன்டோபிரசோலும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள் என்பது உள்ளே இருந்தது. அந்தச் செய்தி கிடைத்திருந்தாலும் நான் செய்தது தப்புதான், அது வேறு விஷயம். ஆனால் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மாத்திரை கேட்டு வந்த அந்த அம்மாவுக்கும் முதல் பக்கத்தை மட்டும் படித்த எனக்கும் என்ன வித்தியாசம்?

சரி, இனி அந்த மீதிப் பாதி.

இந்த ஆராய்ச்சி அர்த்தமில்லாதது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டென்மார்க்கில் நாட்டு மக்கள் அனைவருடைய மருத்துவமனைப் பதிவும் ஆளுக்கொரு எண்ணின் கீழ் இருக்கிறது. அதை அலசி 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. தொற்றுநோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு வரும் வாய்ப்பு 60 சதவீதம் அதிகம், உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்குகிற நோய்கள் இருந்தவர்களுக்கு 29 சதவீதம் அதிகம் என்றது. இந்த மாதிரி சதவீதத்தைப் பார்த்துப் பயப்படக் கூடாது. நூறில் ஒருவருக்கு வருகிற நோய் நூறில் ஒன்றரைப் பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த நோயோடு தொடர்புள்ள 'சி4' என்ற மரபணுவைப் பிடித்தார்கள். கிருமியை அடையாளம் காட்டுகிற எதிர்ப்பாற்றல் வேலையில் இருக்கிற மரபணு அது. வளரும் மூளையில் வேண்டாத நரம்பிணைப்புகளுக்கு அடையாளம் போடுவதும் அதன் வேலை. வளரிளம் பருவத்தில் மூளை தன்னைத் தானே கவாத்து செய்துகொள்கிறது. சிலருக்கு அந்தக் கத்தி கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிடுகிறதோ என்பது சந்தேகம். அப்படியானால் அழற்சியைத் தணிக்கிற மருந்தை, ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரைகளும் அந்த வகைதான், கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றுவது இயல்புதான்.

கொடுத்தும் பார்த்தார்கள். 2002-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் 50 நோயாளிகள். எல்லாருக்கும் ரிஸ்பெரிடோன். பாதிப் பேருக்குக் கூடவே செலகாக்சிப், தினம் 400 மில்லிகிராம். மூட்டுவலிக்கு என் கடையில் தினமும் போகிற அதே சரக்கு. ஐந்து வாரத்தில் இரண்டும் சேர்த்து வாங்கியவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். அந்தச் செய்தி உலகம் சுற்றியது. 2005-இல் அமெரிக்காவில், நோய் நீண்ட காலமாகத் தணியாமல் இருக்கிற 38 பேருக்கு எட்டு வாரம் செலகாக்சிப் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு பலனும் இல்லை. இது எத்தனை பேப்பரில் வந்தது? 2010-இல் மியூனிக் குழுவே, நோய் வந்து இரண்டு வருடத்துக்குள் இருக்கிற 49 பேரிடம் இன்னொரு மருந்தோடு சேர்த்துச் சோதித்தது. மறுபடியும் பலன் தெரிந்தது. ஆக, ஆரம்பத்திலேயே கொடுத்தால் ஒருவேளை உண்டு, நாள்பட்டுவிட்டால் இல்லை என்கிற மாதிரி ஒரு கோடு தெரிகிறது. கோடுதான், ரோடு இல்லை. என் தம்பிக்கு நான் ஆஸ்பிரின் கொடுத்தபோது நோய் வந்து 22 வருடம் ஆகியிருந்தது.

அடுத்து மினோசைக்ளின். முகப்பருவுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக். மூளைக்குள் போய் அழற்சியைத் தணிக்கக்கூடியது. இஸ்ரேலில் ஒன்று, பாகிஸ்தானும் பிரேசிலும் சேர்ந்து ஒன்று என்று முதலில் நல்ல முடிவுகள் வந்தன. அதுவும் பேச்சற்று ஒதுங்கிக் கிடக்கிற அறிகுறிகளில், அதாவது எங்களுக்கு எது வேண்டுமோ அதில். பிறகு பிரிட்டனில் நோயின் ஆரம்ப வருடங்களில் இருந்த 207 பேரை எடுத்து, ஒரு வருடம் முழுக்க மினோசைக்ளினோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

ஆஸ்பிரினுக்கும் அதே கதைதான். 2021-இல் இரண்டு பரிசோதனைகளின் முடிவு ஒன்றாக வந்தது. ஒன்றில் 200 பேர், இன்னொன்றில் 160 பேர், 16 வாரம், அதே 1,000 மில்லிகிராம். இரண்டாவதில் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு 1-க்கு மேல் இருந்தவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்திருந்தார்கள். ஆஸ்பிரின் வாங்கியவர்களும் வெற்று மாத்திரை வாங்கியவர்களும் ஒரே அளவில்தான் இருந்தார்கள். 1 என்பது ரொம்பத் தாழ்வான வரம்பு, உண்மையிலேயே அழற்சி உள்ளவர்களை இன்னும் கண்டிப்பாகப் பொறுக்க வேண்டும் என்று வாதிடலாம். என் எண்ணமும் அதுதான். ஆனால் என் எண்ணத்தை வைத்து மாத்திரை விற்க முடியாது.

2010-இல் தெரிந்த அந்த ஆஸ்பிரின் பலனும் எவ்வளவு? இந்த ஆய்வுகளில் 30 அறிகுறிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுவார்கள். ஒன்றுமே இல்லாதவருக்கு 30, எல்லாமே உச்சத்தில் இருந்தால் 210. இதில் இரண்டு குழுவுக்கும் இடையே வந்த வித்தியாசம் ஏறக்குறைய 5. ஆய்வாளருக்கு அது உற்சாகம் தரும், தரவும் வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த 5 கண்ணில் படுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். 'விரட்டும்' என்று தலைப்புப் போட அது போதாது.

நான் இவ்வளவு சொன்ன எல்லாப் பரிசோதனையிலும் பொதுவாக ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எந்த இடத்திலும் மனநோய் மருந்தை நிறுத்திவிட்டு வலி மாத்திரை கொடுக்கவில்லை. மேலே சேர்த்துத்தான் கொடுத்தார்கள். உங்கள் செய்தியில் 'கூடுதலாக' என்ற சொல் ஒரே இடத்தில், கடைசிப் பத்தியில் இருந்தது. கிழித்த பக்கத்தில் அந்த அம்மா மடித்த மடிப்பு சரியாக அந்த வரியின் மேல் விழுந்திருந்தது. உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

சேர்த்துக் கொடுப்பதிலும் சங்கடம் இருக்கிறது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்காக லித்தியம் சாப்பிடுபவர்கள் பலர் உண்டு. அவர்கள் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகிவிடும். கைநடுக்கம், தள்ளாட்டம், வாந்தி என்று வருவார்கள். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். செலகாக்சிப் வகையைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப்பை 2004-இல் மாரடைப்பு ஆபத்துக்காக உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கலாம். ஒலான்சபைன், க்ளோசபைன் மாதிரி மனநோய் மருந்துகளைச் சாப்பிட்டு ஏற்கெனவே எடையும் சர்க்கரையும் ஏறியிருக்கிற உடம்பு இவர்களுடையது. வயிற்றுப் புண் பற்றி நான் இனிச் சொல்ல வேண்டியதில்லை.

பரிசோதனைகள் வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. வேண்டும், அதுவும் நம் ஊரிலேயே நடக்க வேண்டும். சென்னையில் 1981-இல் தொடங்கி, புதிதாக நோய் வந்த 90 பேரை இருபது வருடத்துக்கும் மேலாகப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு பொறுமை நம் மருத்துவர்களுக்கும் உண்டு, நம் குடும்பங்களுக்கும் உண்டு. 2009 ஜூனிலிருந்து இந்தியாவில் மருந்துப் பரிசோதனை நடத்துபவர்கள் தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கையெழுத்துப் போடுகிற தாளை முழுக்கப் படித்து, மனமிருந்தால் சேரலாம். அங்கே ரத்தம் பார்ப்பார்கள், வயிற்றைக் காப்பார்கள், ஏதாவது ஆனால் பொறுப்பேற்க ஆள் இருக்கும். என் வீட்டுப் பரிசோதனையில் நோயாளிக்குத் தான் சோதிக்கப்படுவதே தெரியாது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த மாதிரிச் செய்தி போடும்போது எத்தனை பேரிடம், எத்தனை வாரம் சோதித்தார்கள், பழைய மருந்து தொடர்ந்ததா என்ற மூன்றையும் முதல் பத்தியிலேயே போடுங்கள். பலன் இல்லை என்று அடுத்த ஆய்வு வரும்போது, நாலு வரியாக இருந்தாலும் அதே பக்கத்தில் போடுங்கள். முதல் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறவர்கள் இரண்டாவதுக்காகவும் காத்திருப்பவர்கள்தான்.

அந்த அம்மாவிடம், மாத்திரையை இரவுக்கு மாற்ற முடியுமா, எடை ஏறாத வேறு மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். உங்கள் பக்கத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். கல்லாப்பெட்டியில் இருக்கிறது. அடுத்த மாதம் ரிஸ்பெரிடோன் வாங்க வருவார். இந்தக் கடிதம் அதற்குள் வந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மடித்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
மயிலாடுதுறை.

பி.கு.: பெயர் வெளியிட வேண்டாம். அனுப்புவதற்கு முன் தம்பியிடம் படித்துக் காட்டினேன். அவனுக்கு இப்போது 57. முழுக்கக் கேட்டுவிட்டு, "புளிப்பா இருந்துச்சுன்னு அப்பவே சொன்னேனே, அதை எழுதலையே" என்றான். எழுதிவிட்டேன்.